போர்ட் எண்ணைக் கண்டெய்னரிடமே கேளுங்கள்

டாக்கர் என்பது மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி. போர்ட் என்பது அந்த மென்பொருளை நெட்வொர்க் வழியாக எட்டுவதற்கான வாசல் எண். டாக்கரில் ஓடும் மென்பொருள் திறக்கவில்லை என்று யார் கூப்பிட்டாலும், அது எந்தப் போர்ட்டில் ஓடுகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்த எண் எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் எனக்கு முக்கியம். செட்டப் செய்தவர் தாளில் எழுதிக் கொடுத்ததாக இருக்கும், அல்லது பிரவுசரில் சேமித்து வைத்ததாக, கம்போஸ் ஃபைலில் (பல கண்டெய்னர்களின் அமைப்பை ஒன்றாக எழுதி வைக்கும் ஃபைல்) பார்த்ததாக இருக்கும். இவையெல்லாம் எப்போதோ சரியாக இருந்த எண்கள். இந்த நிமிடம் எது சரி என்பதை ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னரிடம் கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத் தட்டாமல் ரவுட்டரை அணைத்துப் போடுவது, மென்பொருளைத் திரும்ப நிறுவுவது, கேபிளை மாற்றுவது என்று ஒரு பகல் முழுக்கப் போவதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சின்ன வியாபாரிகளுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். ரப்பர் ஷீட் எடுக்கும் கடைகள், குளச்சலில் மீன் கமிஷன் கடை, தோவாளைப் பூச்சந்தையில் கணக்கு வைப்பவர்கள், இப்படி. யாரிடமும் பெரிய சர்வர் கிடையாது. பின்னறையில் ஒரு பழைய கணினி, அதில் உபுண்டு என்ற லினக்ஸ், அதற்குள் இரண்டு மூன்று கண்டெய்னர்கள், அவ்வளவுதான். பாதி வேலை போனிலேயே நடக்கும் என்பதால் கட்டளைகளை வாயால் சொல்லியே பழகிவிட்டது. இங்கேயும் அதே உச்சரிப்பில்தான் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் கடை ஒன்றில் நடந்ததைச் சொன்னால் விஷயம் எளிதாகப் புரியும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் பால்வெட்டு சரியாக நடக்காது. மழை விட்டு வானம் தெளிந்த பிறகு, ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஒரேயடியாகக் கடைக்கு வந்து சேரும். அப்படிக் கூட்டம் நிற்கும் ஒரு காலையில் அந்தக் கடை மொதலாளி கூப்பிட்டார். ராத்திரி இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது, கணினி தானாக அணைந்து திரும்ப எழும்பியிருக்கிறது. காலையில் பில் போடும் பக்கத்தைத் திறந்தால் வேறு ஏதோ ஒரு பக்கம் வந்து பாஸ்வேர்ட் கேட்கிறது. "தம்பி, ஆராவது உள்ள கேறிட்டாவளா?" என்றார். குரலில் நிஜமான பயம். அந்த வருடக் கணக்கு முழுக்க அதில்தான் இருந்தது.

கணக்கு எழுதும் அக்காவைப் போனில் வைத்துக்கொண்டு டெர்மினலைத் திறக்கச் சொன்னேன். முதல் கட்டளை "டாக்கர் பிஎஸ்". ஓடும் கண்டெய்னர்கள் எல்லாம் வரிசையாக வரும். அதில் போர்ட்ஸ் என்ற பத்தியை மட்டும் வாசிக்கச் சொன்னேன். தாளில் எழுதியிருந்தபடி பில் மென்பொருள் 32768-இல் இருக்க வேண்டும். ஆனால் 32768-இல் இருந்தது டேட்டாபேஸைப் பார்ப்பதற்கான நிர்வாகப் பக்கம். பில் மென்பொருள் 32770-க்குப் போயிருந்தது. யாரும் உள்ளே நுழையவில்லை. எண்கள்தான் இடம் மாறியிருந்தன. புது எண்ணைப் போட்டதும் பில் பக்கம் திறந்தது, கணக்கும் பத்திரமாக இருந்தது. தராசு அதன் பிறகு நிற்கவில்லை.

எண்கள் ஏன் மாறின என்பதையும் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்கும் இதேதான். கண்டெய்னரைத் தொடங்கும் டாக்கர் ரன் கட்டளையில் போர்ட்டைத் திறக்க இரண்டு வழி உண்டு. ஒரு கோடு போட்டு அதை ஒட்டிச் சின்ன எழுத்துப் பி போட்டால் நாமே எண்ணைச் சொல்கிறோம்: 8080:80 என்பது போல. பெரிய எழுத்துப் பி போட்டால், இமேஜில் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) எக்ஸ்போஸ் என்று குறிக்கப்பட்ட போர்ட்களுக்கெல்லாம் டாக்கரே ஏதோ ஒரு காலி எண்ணைக் கொடுத்துவிடும். லினக்ஸில் இந்தத் தற்காலிக எண்கள் வழக்கமாக 32768-இல் தொடங்கி 60999 வரை. கண்டெய்னர் நின்று திரும்ப எழும்பினால் பழைய எண்ணே கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. அந்தக் கடையில் செட்டப் செய்திருந்தவர் மூன்று கண்டெய்னருக்கும் பெரிய பி போட்டிருந்தார். கணினி எழும்பும்போது எது முன்னால் வந்ததோ அது முதல் எண்ணை எடுத்துக்கொண்டது. சின்னப் பி போட்டு உள் எண்ணை மட்டும், அதாவது வெறும் 80 என்று கொடுத்தாலும் இதே கதைதான். வெளி எண்ணை டாக்கரே தேர்ந்தெடுக்கும்.

இனி, தலைப்பில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். டாக்கர் பிஎஸ் எல்லாவற்றையும் காட்டும், ஆனால் வரி நீளமாகி மடிந்து விழும். சின்ன திரையில் அதைப் போனில் வாசிக்கச் சொல்வது கொடுமை. ஒரு கண்டெய்னரைப் பற்றி மட்டும் தெரிய வேண்டும் என்றால் "டாக்கர் போர்ட்" என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, கண்டெய்னரின் பெயரைக் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பதில் ஐடியின் முதல் சில எழுத்துகளும் போதும். கண்டெய்னரின் பெயர் பில் என்று வைத்துக்கொண்டால் விடை இப்படி வரும்:

80/டிசிபி -> 0.0.0.0:32770
80/டிசிபி -> [::]:32770

இடப்பக்கம் இருப்பது கண்டெய்னருக்கு உள்ளே மென்பொருள் கேட்டுக்கொண்டிருக்கும் எண். டிசிபி என்பது தகவல் அனுப்பும் ஒரு முறை, யுடிபி இன்னொரு முறை. வலப்பக்கம் இருப்பது நம் கணினியில் திறந்திருக்கும் எண். பிரவுசரில் போட வேண்டியது வலப்பக்கத்து எண். இரண்டாவது வரி ஐபிவி6 என்ற புது வகை முகவரிக்கு உரியது. ஒரே விஷயம் இரண்டு முறை வந்ததாகப் பதற வேண்டாம்.

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. டாக்கர் போர்ட் காட்டும்போது உள் எண் முதலில், வெளி எண் பிறகு. டாக்கர் பிஎஸ் காட்டும்போது அப்படியே தலைகீழ்: 0.0.0.0:32770->80/டிசிபி என்று வெளி எண் முதலில் வரும். ரன் கட்டளையிலும் கம்போஸ் ஃபைலிலும் நாம் எழுதும்போதும் வெளி எண்தான் முதலில். ஆக, நான்கு இடங்களில் ஒரு இடம் மட்டும் மாறி நிற்கிறது. என்னோடு வேலை கற்கும் பையன்களிடம் நான் சொல்வது இதுதான்: இடம் வலம் என்று மனப்பாடம் செய்யாதே, டிசிபி அல்லது யுடிபி என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் எண் உள் எண், ஐபி முகவரி ஒட்டிக்கொண்டிருக்கும் எண் வெளி எண். இப்படிப் பார்த்தால் இந்த இரண்டு கட்டளைகளின் விடையிலும் குழப்பம் வராது.

ஒரு குறிப்பிட்ட உள் எண்ணுக்கு மட்டும் விடை வேண்டும் என்றால் அதையும் கடைசியில் சேர்க்கலாம்: "டாக்கர் போர்ட் பில் 80". அப்போது வெளி முகவரியும் எண்ணும் மட்டும் வரும். ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இது ரொம்பக் கைகொடுக்கும். இதில் கொடுக்க வேண்டியது உள் எண் என்பதைக் கவனியுங்கள். வெளி எண்ணைக் கொடுத்து "டாக்கர் போர்ட் பில் 32770" என்று கேட்டால், அந்த எண்ணில் எதுவும் பப்ளிஷ் ஆகவில்லை, அதாவது வெளியே திறக்கப்படவில்லை என்று பிழைச் செய்தி வரும். அதைப் பார்த்து மேப்பிங்கே (உள் எண்ணுக்கும் வெளி எண்ணுக்கும் உள்ள இணைப்பு) போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. யுடிபி போர்ட் என்றால் எண்ணோடு சாய்கோடு போட்டு யுடிபி என்று சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டிசிபி என்றே எடுத்துக்கொள்ளும்.

எல்லாக் கண்டெய்னரின் போர்ட்களையும் சுருக்கமாகப் பார்க்க, டாக்கர் பிஎஸ் கட்டளைக்கே ஃபார்மட் என்ற ஆப்ஷனைக் கொடுத்து, நேம்ஸ், போர்ட்ஸ் இரண்டை மட்டும் காட்டச் சொல்லலாம். நான் பார்க்கும் கணினிகளில் இதை ஒரு அலியாஸாக (சுருக்கப் பெயராக) போட்டு வைத்திருக்கிறேன். கடையில் இருப்பவர் ஒரு சொல்லைத் தட்டினால் போதும், பெயரும் எண்ணும் மட்டும் வரும், அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள்.

அம்புக்குறி இல்லாமல் வெறும் 5432/டிசிபி என்று மட்டும் ஒரு வரியில் நின்றால், அந்தப் போர்ட் வெளியே திறக்கப்படவில்லை என்று பொருள். இமேஜ் எழுதியவர் எக்ஸ்போஸ் என்று குறித்திருக்கிறார், அவ்வளவுதான். அது ஒரு குறிப்பு, கதவைத் திறப்பதில்லை. தோவாளையில் பூக்கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் ஒரு கடையில் வேலை பார்க்கும் தம்பி, "அண்ணே, போஸ்ட்கிரெஸுக்கு அம்பே காட்டல, போர்ட் திறக்காம எப்படிக் கணக்கு ஏறும்?" என்று அங்கே ஓடும் டேட்டாபேஸைப் பற்றிக் கேட்டான். ஏறும். ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருக்கும் கண்டெய்னர்கள் தங்களுக்குள் பேச வெளி எண் தேவையே இல்லை. கம்போஸில் டேட்டாபேஸ் சர்வீஸுக்கு என்ன பெயர் கொடுத்தோமோ அந்தப் பெயரும் உள் எண் 5432-உம் போதும். அம்பு இல்லாமல் இருப்பதுதான் அங்கே நல்லது. டேட்டாபேஸுக்கு வெளியே வேலை இல்லை.

நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புவது எண்ணுக்கு முன்னால் நிற்கும் முகவரியைப் பற்றி. எல்லோரும் எண்ணைப் பார்க்கிறார்கள், முகவரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 0.0.0.0 என்று இருந்தால் அந்தக் கணினியின் எல்லா நெட்வொர்க் வழியிலும் போர்ட் திறந்திருக்கிறது. 127.0.0.1 என்று இருந்தால் அந்தக் கணினியில் உட்கார்ந்திருப்பவர் மட்டுமே திறக்க முடியும். குளச்சல் மீன் கடையில் கணினியில் பக்கம் திறக்கிறது, ஏலம் நடக்கும் இடத்தில் கையில் வைத்திருக்கும் போனில் திறக்கவில்லை. வைஃபை சரியில்லை என்று ரவுட்டரையே மாற்றப் போனார்கள். டாக்கர் போர்ட் தட்டியதும் 127.0.0.1:8080 என்று வந்தது, காரணம் தெரிந்துவிட்டது. இன்னொன்று: 0.0.0.0 என்று திரையில் வந்ததை அப்படியே போன் பிரவுசரில் தட்டுகிறார்கள். அது தட்டுவதற்கான முகவரி இல்லை. கணினியின் சொந்த முகவரியை, 192.168 என்று தொடங்கும் அதை, "ஹோஸ்ட்நேம்" கட்டளைக்குப் பின் கோடு போட்டுப் பெரிய எழுத்து ஐ கொடுத்துத் தெரிந்துகொண்டு, அதோடு வெளி எண்ணைச் சேர்க்க வேண்டும்.

கடைக்குள் இது வெறும் வசதிப் பிரச்சினை. இணையத்தில் நேராக நிற்கும் சர்வரில் இதுவே பெரிய ஆபத்து. சின்னப் பி போட்டு 5432:5432 என்று கொடுத்தால், முகவரி சொல்லாததால் டாக்கர் அதை 0.0.0.0 என்றே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டு அந்தப் போர்ட்டை மூடியிருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் டாக்கர் தன் விதிகளை ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் விதிப் பட்டியலில் தானே எழுதிக்கொள்கிறது. கண்டெய்னருக்குப் போகும் பாக்கெட்கள் (தகவல் துண்டுகள்) வழிமாற்றி அனுப்பப்படுவதால், கணினிக்கே வரும் பாக்கெட்களுக்கு யுஎஃப்டபிள்யூ போட்ட தடை அவற்றைத் தொடுவதே இல்லை. ஃபயர்வால் மூடியிருக்கிறது என்று காட்டும், போர்ட் ஊருக்கே திறந்திருக்கும். அதனால் எந்தச் சர்வரில் வேலைக்கு உட்கார்ந்தாலும், டேட்டாபேஸ், ரெடிஸ் (இதுவும் தகவல் சேமிக்கும் மென்பொருள்) போன்றவற்றுக்கு எதிரே 0.0.0.0 நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால், வெளி போர்ட்டையே எடுத்துவிடுங்கள். கட்டாயம் வேண்டும் என்றால் 127.0.0.1:5432:5432 என்று முகவரியோடு சேர்த்து எழுதுங்கள். அந்த ரப்பர் கடையிலும் பெரிய பி போட்டதில் டேட்டாபேஸ் போர்ட்டும் சேர்ந்து திறந்துதான் கிடந்தது. ரவுட்டருக்குப் பின்னால் இருந்ததால் பிழைத்தது.

நின்றுபோன கண்டெய்னரிடம் டாக்கர் போர்ட் கேட்டால் விடையே வராது. மேப்பிங் என்பது ஓடும்போது மட்டும் இருப்பது. அப்போது "டாக்கர் இன்ஸ்பெக்ட்" தான் வழி. அது கொட்டும் நீண்ட விவரத்தில் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹோஸ்ட்கான்ஃபிக் என்பதன் கீழே போர்ட்பைண்டிங்ஸ் என்று இருக்கும். அது நாம் தொடங்கும்போது கேட்டது. நெட்வொர்க்செட்டிங்ஸ் என்பதன் கீழே போர்ட்ஸ் என்று இருக்கும். அது இப்போது உண்மையில் கிடைத்திருப்பது. கண்டெய்னர் நின்றிருந்தால் இரண்டாவது வெறுமையாக இருக்கும், முதலாவது அப்படியே இருக்கும். குலசேகரத்தில் பெரிய பி போட்டிருக்கிறார்கள் என்பதையும் இதே இடத்தில்தான் கண்டுபிடித்தேன்: போர்ட்பைண்டிங்ஸ் காலியாக இருந்தது, பப்ளிஷ்ஆல்போர்ட்ஸ் என்பதற்கு எதிரே ட்ரூ என்று இருந்தது.

சில நேரம் கேள்வி தலைகீழாக வரும். எண் தெரியும், அதை எந்தக் கண்டெய்னர் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியாது. அப்போது டாக்கர் பிஎஸ் கட்டளையில் ஃபில்டர் ஆப்ஷனுக்கு பப்ளிஷ்=8080 என்று கொடுத்தால் அந்தக் கண்டெய்னர் மட்டும் வரும். எதுவும் வரவில்லை என்றால் டாக்கருக்கு வெளியே ஏதோ ஒன்று அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கலாம். "சூடோ எஸ்எஸ்" என்று தட்டி, கோடு போட்டு எல், டி, என், பி நான்கு எழுத்தையும் சேர்த்துக் கொடுத்தால் எந்த எண்ணில் எந்த நிரல் என்று தெரியும். அங்கே டாக்கர்-பிராக்ஸி என்று இருந்தால் அது கண்டெய்னர். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் பெயர் இருந்தால் கணினியிலேயே நேரடியாக நிறுவியது.

போர்ட் சரியாகக் காட்டுகிறது, முகவரியும் 0.0.0.0, ஆனாலும் பக்கம் திறக்காமல் இணைப்பு அறுந்து போகிறது என்றால் மென்பொருளையே பாருங்கள். கண்டெய்னருக்கு உள்ளே அது 127.0.0.1-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம். டெவலப்மென்ட் சர்வர்கள் பலவற்றின் வழக்கமே இதுதான். மேப்பிங் கண்டெய்னரின் வாசல் வரை கொண்டுவந்து விடுமே தவிர, உள்ளே 0.0.0.0-இல் கேட்க வைப்பது மென்பொருளின் செட்டிங்கில் நாம் செய்ய வேண்டிய வேலை. நெட்வொர்க் ஹோஸ்ட் என்று கொடுத்து, கணினியின் நெட்வொர்க்கையே கண்டெய்னர் பயன்படுத்தும்படி ஓட்டினால் மேப்பிங் என்பதே இருக்காது, டாக்கர் போர்ட்டும் எதுவும் காட்டாது. மென்பொருள் எந்த எண்ணில் கேட்கிறதோ அதே எண்தான் வெளியிலும்.

கம்போஸ் வைத்திருப்பவர்கள் கண்டெய்னரின் நீளப் பெயரைத் தேட வேண்டாம். அந்த ஃபோல்டருக்குள் போய் "டாக்கர் கம்போஸ் போர்ட்", பிறகு சர்வீஸ் பெயர், பிறகு உள் எண் என்று தட்டினால் போதும். இங்கே உள் எண் கட்டாயம். டாக்கரைப் போன்ற போட்மேன் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு "போட்மேன் போர்ட்" அப்படியே வேலை செய்யும். அதில் ஆல் என்று சேர்த்தால் எல்லாக் கண்டெய்னரும் ஒரே தடவையில் வரும், டாக்கரில் அந்த வசதி இல்லை.

ரப்பர் கடைக்கு நேரில் போய், மூன்று கண்டெய்னரையும் ஒரு கம்போஸ் ஃபைலுக்குள் கொண்டுவந்தேன். டேட்டா வால்யூமில் (கண்டெய்னருக்கு வெளியே தனியாக இருக்கும் சேமிப்பிடம்) இருந்ததால் கண்டெய்னரை அழித்துத் திரும்ப உருவாக்குவதில் பயம் இல்லை. இருந்தும் முதலில் டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து ஒரு பென்டிரைவில் மொதலாளி கையில் கொடுத்துவிட்டுத்தான் தொட்டேன். பில் பக்கத்துக்கு 8080, நிர்வாகப் பக்கத்துக்கு 127.0.0.1-ஓடு 8081, டேட்டாபேஸுக்கு வெளி எண்ணே இல்லை. எண்ணை 32768-க்குக் கீழே வைத்ததற்கும் காரணம் உண்டு. அதற்கு மேலே உள்ள எண்களை லினக்ஸ் வெளியே போகும் இணைப்புகளுக்கும் எடுத்துக் கொடுக்கும் என்பதால், கணினி எழும்பும் நேரத்தில் நமக்கு வேண்டிய எண் வேறொன்றின் கையில் இருக்கக்கூடும். 1024-க்குக் கீழேயும் போக வேண்டாம், ரூட் (முழு நிர்வாக உரிமை) இல்லாமல் ஓட்டும்போது தடை வரும். பிறகு கணினியை அணைத்துப் போட்டு, எழும்பியதும் அக்காவையே டாக்கர் போர்ட் தட்டச் சொன்னேன். 80/டிசிபி -> 0.0.0.0:8080 என்று வந்தது. அதே எண்ணைப் போனில் போட்டு ஒரு பில்லும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.